மருமவனுக்குச் சொல்ற யோசனை

மருமவனே, ஊருக்கு வந்ததும் வராததுமா தெருமுக்குக் கடையில தயிர்ப் பாக்கெட் வாங்க ஸ்கூட்டர எடுத்தியே, பாத்துப் பூரிச்சுப் போனேன். நாலு வீடு தாண்டுறதுக்கு நடக்கவா செய்வாங்க? கால் எதுக்கு இருக்கு, செருப்பு மாட்டத்தானே.

ஒங்க வீட்டு ட்ரெட்மில்லையும் பாத்தேன். கனமான சாமான். ஒரு கைப்பிடியில ஒன் துண்டு, இன்னொண்ணுல எங்க அக்கா சேலை, ஓடுற பட்டையில வடகம். வெயில் விழுற சன்னலாப் பாத்துப் போட்டிருக்க பாரு, அங்கதான் ஒன் படிப்பு தெரியுது. கயித்துக்கொடின்னா அம்பது ரூவாயில முடிஞ்சிருக்கும், கௌரவம் வருமா?

ராத்திரி படுக்கப்போற நேரத்துல வாட்ச்சப் பாத்துக்கிட்டுக் கூடத்துக்குள்ளயே செக்குமாடு மாதிரி சுத்துத. கேட்டா, "பத்தாயிரம் அடி ஆகணும் மாமா, டாக்டருங்க கணக்கு"ங்க. டாக்டர் கணக்கு இல்லப்பா, யாவாரிக் கணக்கு. 1964ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள, மறுவருசமே ஒரு ஜப்பான் கம்பெனி இடுப்புல மாட்டி அடி எண்ணுற கருவிய வித்துச்சு. பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. 2019ல அமெரிக்காவுல வயசான பொம்பளைகள வச்சுப் பாத்தாங்க. நாளைக்கு 2,700 அடியோட நின்னவுகள விட 4,400 அடி நடந்தவுகளுக்குச் சாவு கம்மி. 7,500க்கு மேல போனா பெருசா லாபம் ஏறல. அதுக்காக நீ பத்தாயிரத்த விட்டுறாத. வாட்ச்ச என் வெள்ளாட்டுக் கழுத்துல கட்டிவிடு, பொழுதடையுறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துரும்.

நாள்பூரா ஒக்காந்து சம்பாதிக்கிற ஆளு நீ. ஒனக்குன்னே லண்டன்ல ஒரு கதை நடந்திருக்கு. ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர், அங்க ஓடுற மாடி பஸ்காரங்களக் கவனிச்சாரு. டிரைவர் ஒக்காந்தே இருப்பாரு. கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமா நாள் முச்சூடும் ஏறி எறங்குவாரு. ஒரே பஸ்சு, ஒரே புகை. மாரடைப்பு மட்டும் டிரைவருக்குத்தான் கூடுதல்னு 1953ல எழுதுனாரு. டிரைவருக மொதல்லயே குண்டா இருந்திருப்பாங்கன்னு ஒரு சந்தேகம் வருமில்ல? மனுசன் அதையும் விடல, கம்பெனி குடுத்த கால்சராய் இடுப்பளவு வரைக்கும் எடுத்துப் பாத்துட்டாரு. டிரைவருக்கு இடுப்பு பெருசுதான். ஆனா ஒல்லி, நடுத்தரம், தொப்பைன்னு எந்த ரகத்துல எடுத்தாலும் கண்டக்டருக்குத்தான் ஆபத்து கம்மி. இதச் சொன்ன டாக்டர் 99 வயசு வரைக்கும் இருந்தாரு.

நீ அவசரப்பட்டுப் படி ஏறிறாத. லிப்டுக்கு நிக்கிற வரிசையில எடம் போயிரும்.

மத்தியானம் இலைய மடக்குன கையோட பாயத் தேடுத. நம்ம நாட்டுல சர்க்கரைக்காரங்க பத்துக் கோடிக்கு மேலன்னு 2023ல கணக்குச் சொன்னாங்க, அதுல ஒரு எடம் துண்டு போட்டு வைக்கிறியாக்கும். சோத்துல இருந்து ரத்தத்துல ஏறுற சர்க்கரைய வாங்கிச் செலவழிக்கிறது சதை. அதுலயும் தொடைச்சதைதான் பெரிய கிராக்கி. அது அசைஞ்சாத்தானே கூடுதலா வாங்கும்? சாப்பிட்டுப் பத்து நிமிசம் கம்மாக்கரை வரைக்கும் காலாற நடந்துட்டு வா. நெஞ்சு படபடன்னு வந்தா மட்டும் என்கிட்ட வராத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நான் கேலி பண்ண மட்டுந்தான் லாயக்கு.

வாரத்துக்கு 150 நிமிசமாவது கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடக்கணுமாம், போதாததுக்கு ரெண்டு நாளாவது சதைக்கு வலு வேலை குடுக்கணுமாம். உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அவ்வளவு பெரிய எடத்துப் பேச்சத் தட்ட நான் யாரு? ரெண்டு நாள்னா செவ்வாயும் வெள்ளியும் வச்சுக்குவோம். அடிகுழாய் நம்ம வாசல்லயே இருக்கு, குடமும் நாலு இருக்கு. ஒங்க அத்தைக்கு முழங்கால் வலி. பட்டணத்து ஜிம்முல இதுக்கு மாசச் சந்தா வாங்குவான், மருமவன்கிட்ட நான் காசு கேக்கவா போறேன்? தொட்டிய மட்டும் நெரப்பிட்டுப் போ.