கம்பியில்லாச் சில்லுக்காக ஒரு விண்ணப்பம்

பெறுநர்
உயர்திரு பிராட்காம் நிறுவனத்தார் அவர்கள்,
கலிபோர்னியா, அமெரிக்கா.

பொருள்: பழைய வைஃபை சில்லுகளின் ஃபர்ம்வேரை எவரும் பகிர்ந்துகொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் சில்லு வேலை செய்யவில்லை என்று புகார் சொல்ல வரவில்லை. பிசிஎம்4318 போன்ற சில்லுகள் விண்டோஸில் நன்றாகவே ஓடின. அதே லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டதும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. முதலாளியின் ரகசியத்தை இப்படிக் காக்கும் ஊழியர் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைப்பார்?

டிரைவர் எழுதத் தேவையான விவரங்களைத் தாங்கள் தரவில்லை. தன்னார்வலர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு குழு தங்கள் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சில்லு நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் குறிப்பாக எழுதியது. தங்கள் நிரலைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புது டிரைவர் எழுதியது. பதிப்புரிமைக்குப் பங்கம் வரக்கூடாதென்று அவ்வளவு ஆசாரம்! 2006 ஜூனில் அந்த டிரைவர் லினக்ஸ் கெர்னல் 2.6.17 பதிப்பில் இடம்பிடித்தது. தங்களுக்கு ஒரு காசு செலவில்லை.

ஆனால் டிரைவர் மட்டும் இருந்தால் போதாதே. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் சில்லுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் ஏற வேண்டும். அதைப் பிறர் விநியோகிக்கத் தங்கள் உரிமம் இடம்தரவில்லை. ஆகவே பி43-எஃப்டபிள்யூகட்டர் என்றொரு கருவியே பிறந்தது. தங்கள் டிரைவர் கோப்பின் வயிற்றிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுப்பதுதான் அதன் தொழில். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் இந்த வேலையைச் செய்யும் பேக்கேஜ், நிறுவும்போது அந்தக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்கள். வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வர இணையம் வேண்டும். நடுவில் லேன் கேபிள்தான் தரகர்.

தாங்கள் மனமிரங்கியதே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2010 செப்டம்பரில் புதிய சில்லுகள் மூன்றுக்குத் திறந்த மூல டிரைவரைத் தாங்களே வெளியிட்டீர்கள். அவற்றின் ஃபர்ம்வேரைப் பகிரவும் அனுமதித்தீர்கள். மூத்த பிள்ளைகளுக்கு மட்டும் பங்கு கிடையாது. தங்களது டபிள்யூஎல் என்ற பாதி மூடிய டிரைவரின் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது. அதன் பிறகு கெர்னல் மாறும்போதெல்லாம், அதன் திறந்த பாதிக்கு ஒட்டுப் போட்டுக் காப்பாற்றி வருவது லினக்ஸ் விநியோகங்களின் பராமரிப்பாளர்கள். மூடிய பாதி மட்டும் மூலவர் போல அசையாமல் இருக்கிறது.

கட்டற்ற மென்பொருளில் கறாரான டெபியன்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய ஃபர்ம்வேரையும் தன் நிறுவியில் சேர்த்துக்கொள்ள முடிவுசெய்தது. 2023இல் வந்த டெபியன் 12 அப்படித்தான் வெளியானது. கதவைத் திறந்துவைத்து வரவேற்றும், தங்கள் பழைய ஃபர்ம்வேரால் உள்ளே வர முடியவில்லை. தடுத்தது டெபியனின் கொள்கையல்ல, தங்கள் உரிமம்.

ஃபர்ம்வேரின் மூல நிரலை யாரும் கேட்கவில்லை. இன்டெல் தன் வைஃபை ஃபர்ம்வேரை மூடியேதான் வைத்திருக்கிறது. ஆனால் பகிர அனுமதிக்கிறது, காரியம் முடிந்தது. தங்கள் டிரைவரிலிருந்தே எவரும் வெட்டியெடுக்கக்கூடிய ஒரு கோப்பை யாரிடமிருந்து காக்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை. போட்டியாளர்களா? இத்தனை பழைய சில்லைக் காப்பியடித்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

எனவே, ஒரே ஒரு பத்தியில் அனுமதி எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். அது வந்து சேரும்வரை தங்கள் சில்லு உள்ள லேப்டாப்புகளில் மின்னஞ்சல் திறக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லினக்ஸ் பயனர் ஒருவர்