2003 பார்த்தவர்

டென்வரில் நெடுநாளாகக் குடியிருக்கும் நம்மவர்களில் ஒரு வகை உண்டு. வானிலை அறிக்கையைக் காட்டி, "அண்ணா, சனிக்கிழமை ஸ்னோ போட்டிருக்கே" என்று யாராவது கவலைப்பட்டால் போதும். ஃபோனை வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார். கண்ணை லேசாக மூடி, மோவாயை உயர்த்தி, "இதெல்லாம் ஸ்னோவாப்பா? நான் 2003 பார்த்தவன்" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

2003 மார்ச் 17 முதல் 19 வரை டென்வரில் 31.8 அங்குலம் பனி கொட்டியது உண்மைதான். விமான நிலையத்தின் வெள்ளைக் கூடாரக் கூரை பாரம் தாங்காமல் ஓரிடத்தில் கிழிந்ததும் உண்மை. அந்த மூன்று நாளும் அண்ணா என்ன செய்துகொண்டிருந்தார்? அபார்ட்மென்ட்டில் ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்டபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தவன் என்றுதானே சொல்கிறார், ஓட்டியவன் என்று எங்கேயும் சொன்னதில்லை. 1913 டிசம்பரில் இதே ஊரில் 45.7 அங்குலம் விழுந்தது. அதைப் பார்த்த யாரும் இன்று நம் பொங்கல் விழாவுக்கு வருவதில்லை என்பது அண்ணாவின் அதிர்ஷ்டம்.

இந்த வகையினரை அடையாளம் காண்பது எளிது. ஏப்ரல் பிறந்ததும் அரைக்கால் சட்டைக்கு மாறிவிடுவார்கள். காரிலிருந்து பனி சுரண்டும் கட்டையை எடுத்து கராஜில் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் மளிகைக்கடை உறுப்பினர் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டுவார்கள். அவர்களுடைய கார் நான்கு சக்கரமும் இழுக்கிற கார். அதைப் பற்றிப் பேசும்போது குரல் சற்றுத் தாழும், குலதெய்வத்தைப் பற்றிப் பேசுவதுபோல. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்புவதற்குத்தான் உதவும். நிற்பதற்கு உலகத்தில் எல்லாக் காருக்கும் அதே நான்கு சக்கரம்தான், அதே டயர்தான். இதை அண்ணாவிடம் சொல்லிப் பார்க்கலாம். "நீ டெக்ஸஸ்ல இருந்து வந்தவன், உனக்குத் தெரியாது" என்ற பதில் தயாராக இருக்கும்.

கொலராடோவின் வசந்தம் இவர்களுக்கென்றே செய்து வைத்தது. வெள்ளிக்கிழமை 70 டிகிரி, நம் ஊர்க் கணக்கில் 21. தெருவெல்லாம் மரங்கள் பூத்து நிற்கும். ராத்திரியில் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்காரும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை அது சுழற்றி இழுத்து, கிழக்கிலிருந்து ராக்கி மலை மேல் ஏற்றிவிடும். ஏற ஏறக் குளிர்ந்து அத்தனையும் பனியாக விழும். ஜனவரிப் பனிபோல ஊதினால் பறக்கிற பொடி அல்ல இது. தண்ணீர் கோத்த, கனத்த பனி. துளிர்த்த கிளைகள் மளமளவென்று முறியும்; ஜனங்கள் விடியற்காலையில் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து மரத்தை உலுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைதான் அண்ணா தலைமையில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் பயணம் ஏற்பாடாகியிருந்தது. டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே சுமார் 160 மைல். 1888இல் திறந்த பெரிய வெந்நீர்க் குளம் அங்கே இருக்கிறது. அறைக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. நம்மவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு வீரம் காரணமென்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளி மாலை அண்ணி ஒரு காரியம் செய்தார். பர்ஸிலிருந்து ஒரு கால் டாலர் காசை எடுத்து, ஜார்ஜ் வாஷிங்டனைத் தலைகீழாகப் பிடித்து, டயரின் பள்ளத்தில் செருகினார். அவர் உச்சந்தலை டயருக்குள் மறைந்தால் டயர் பரவாயில்லை. மறையவில்லை. நெற்றி, முடி, முடிக்கு மேலே எழுதியிருந்த எழுத்து எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மாரிசனிலிருந்து டாட்செரோ வரை, அதாவது போகிற வழியில் முக்கால்வாசிக்கு, செப்டம்பர் முதல் மே முடிய டயர்ப் பள்ளம் 3/16 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வழியை மறித்துக்கொண்டு நின்றால் அபராதம் 600 டாலரைத் தாண்டும்.

"அது முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கும்மா" என்றார் அண்ணா.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அண்ணி சட்டத்தை எடுத்துக் காட்டாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு நீலப் பை, இரண்டு கம்பளி, ஒரு சின்ன மண்வாரி. "வட துருவத்துக்கா போறோம்?" என்று அண்ணா எங்களைப் பார்த்துச் சிரித்தார். டல்லாஸிலிருந்து புதிதாக மாறி வந்திருந்த தம்பி மட்டும் கூடச் சிரித்தான். அண்ணாவிடம் சீடனாகச் சேர்ந்து அவனுக்கு அப்போதுதான் இரண்டு வாரம்.

மறுநாள் மாரிசன் வரை மழை. ஜெனசீ ஏறும்போது மழைத்துளி வெளுத்தது. அண்ணா வைப்பரை ஒரு படி கூட்டினார். "சும்மா தூறல்." மின்பலகை சட்டம் அமலில் இருப்பதாக மினுக்கியது. "அது லாரிக்காரனுக்கு." அடுத்த பலகை மெதுவாகப் போகச் சொன்னது. "மெதுவாத்தானே போறேன்" என்று அண்ணா சொல்லும்போது நாங்கள் ஃபிளாய்ட் ஹில் இறக்கத்தின் தலையில் இருந்தோம்.

இந்த ஃபிளாய்ட் ஹில் ஒரு நியாயமான பரீட்சகர். மேற்கே போகிறவர்களுக்கு அது வளைந்து வளைந்து இறங்கும் சரிவு. இழுக்கிற சக்கரம் எத்தனை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நிற்குமா என்ற ஒரே கேள்விதான். அண்ணா பிரேக்கைத் தொட்டார். கார் கேட்கவில்லை. சத்தமே இல்லாமல், அவசரமும் இல்லாமல், மூக்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓரத்தில் குவிந்திருந்த பனியில் போய்ச் சாய்ந்தது. வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி வர்றவனுக்கு வழி விடணுமில்ல, அதான் ஒதுக்கினேன்" என்றார் அண்ணா.

பின்னால் யாருமே வரவில்லை. அண்ணி இறங்கினார், மண்வாரியோடு. டல்லாஸ் தம்பி கான்வாஸ் ஷூவில் இறங்கிக் கணுக்கால்வரை புதைந்தான். அண்ணா ஸ்டியரிங்கில் இருந்தபடியே யோசனைகள் வழங்கினார். அரைக்கால் சட்டையோடு இறங்க முடியாது என்பதை எல்லோரும் பெருந்தன்மையோடு புரிந்துகொண்டோம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊர்ந்ததுதான். மேலே ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு ட்ரெய்லர் லாரி குறுக்கே மடங்கிக் கிடப்பதாகச் செய்தி. 11,000 அடிக்கு மேலே மலையைக் குடைந்து 1973இல் திறந்த அந்தச் சுரங்கத்துக்குள் பனி விழாது. அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. நீலப் பையிலிருந்து முறுக்கு வந்தது, பிறகு எலுமிச்சை சாதம், பிறகு ஃபிளாஸ்க்கில் காப்பி. வட துருவக் கேலியை அண்ணா மறந்துவிட்டார். காப்பியில் சர்க்கரை கம்மி என்பதை மட்டும் சொன்னார். கடைசியில் சாலையை மூடி, எல்லா வண்டியையும் ஐடஹோ ஸ்பிரிங்ஸில் இறக்கிவிட்டார்கள். வீட்டிலிருந்து 40 மைல்கூட ஆகவில்லை.

1859 ஜனவரியில் ஜார்ஜ் ஜாக்சன் என்பவர் இந்த ஊர்ப் பக்கம் வந்து, உறைந்த மண்ணைத் தீ மூட்டி இளக்கித் தங்கம் எடுத்தார். ஜனவரி என்றால் குளிரும் என்று தெரிந்து வந்த மனிதர். அண்ணாவிடம் கூலிங் கிளாஸ் இருந்தது. விடுதி வாசலெல்லாம் இடமில்லை என்ற அட்டை. ஆனால் வரிசையில் ஊரும்போதே அண்ணி ஃபோனில் இரண்டு அறை பிடித்து வைத்திருந்தார். எங்களிடம் சொல்லவுமில்லை, பெருமையடிக்கவுமில்லை.

ஐடஹோ ஸ்பிரிங்ஸிலும் வெந்நீர் ஊற்று உண்டு. ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. சாயங்காலம் கழுத்தளவு வெந்நீரில் அமிழ்ந்ததும் அண்ணாவுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. "எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? இங்கேயே வந்திருக்கலாம்னு எனக்கு முன்னாடியே தோணுச்சு" என்றார். டல்லாஸ் தம்பி, ஷூ காயவில்லை என்ற கவலையையும் மீறித் தலையாட்டினான்.

இந்த வகையினர் திருந்தாததற்குக் காரணம் அவர்களுடைய மனஉறுதி என்று நான் நினைத்திருந்தேன். காரணம் சூரியன். ஞாயிறு காலையில் மேகம் விலகியது. இவ்வளவு உயரத்து ஏப்ரல் வெயில் தடயத்தை விட்டு வைக்காது. பத்து மணிக்குக் கூரைகள் சொட்டின, மதியத்துக்குள் சாலை கறுப்பாகக் காய்ந்துவிட்டது. விசாரணைக்கு ஓர் அங்குலப் பனிகூட மிச்சமில்லை.

"பார்த்தியா?" அண்ணா கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார். "இது நிக்கிற ஸ்னோ இல்லைன்னு நேத்தே சொன்னேன். நீங்கதான் பயந்துட்டீங்க."

அண்ணி கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க. டயர் கடை அஞ்சு மணி வரைக்கும்தான் திறந்திருக்கும்."

"டயருக்கு என்ன இப்போ?" சாவியைக் கொடுத்துக்கொண்டே அண்ணா கேட்டார். "இன்னும் ஒரு சீசன் ஓடும்."