லைட்டு எரியும், அதாக்கும் சங்கடம்

பிள்ளைவாள் எலெக்ட்ரீசியன் ஆகப் போறீராக்கும்! கேட்டதுல இருந்து ஒனக்க அம்மை அடுக்களையில இருந்து மூக்கைச் சிந்துகா. தெருவுல வீட்டுக்கு வீடு எஞ்சினியராம், நம்ம வீட்டுல மட்டும் வயர்மேனாம். நல்ல கூத்து. அந்த எஞ்சினியர் தெருவுலதான் மக்கா, ஒரு டியூப்லைட்டு மாட்ட ஆளில்லாம நாலு நாளா இருட்டுல கெடக்கோம்.

பாட்டாவுக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காத. பம்புசெட்டு ஸ்டார்ட்டரை ஈரக்கையோட தொட்டு, தென்னை மூட்டுல போய் விழுந்தவனாக்கும் நான். வாத்தியாருக்குப் புஸ்தகத்துல தெரிஞ்சது எனக்குத் தோள்பட்டையில தெரியும்.

ராஜாக்கமங்கலத்துக்காரன் இந்தத் தொழில்ல பட்டினி கெடக்க மாட்டான். துறையில இருந்து வாற உப்புக்காத்து பாத்துக்கிடும். ஸ்விட்சுக்குள்ள பித்தளை பச்சை பிடிக்கும், ஸ்க்ரூவுக்குத் தலை தேயும், ஃபேன் கம்பி பொரிஞ்சு உதிரும். நீ இன்னைக்கு மாட்டினதை நாலு வருசத்துல நீயே வந்து கழத்தலாம். பென்சனுக்கு அரசாங்கத்தை நம்பாண்டாம், கடலே குடுக்கும்.

படிக்கணும்னா நாகர்கோவில் கோணத்துல அரசு ஐ.டி.ஐ. இருக்கு. பத்தாங்கிளாஸ் ஜெயிச்சாப் போதும், எலெக்ட்ரீசியனுக்கு 2 வருசம். அங்க போகாம கையாளாவே தேறினவன், 5 வருசம் வயரிங் பாத்து, 21 வயசும் ஆயிருந்தா, மின் கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதிச் சர்ட்டிபிகேட் வாங்கலாம். ரெண்டும் இல்லாம ஒரு டெஸ்டரு, ஒரு கருப்பு டேப்பு, காதுல ஒரு பென்சிலுன்னு பட்டம் வாங்கினவனும் உண்டு. அவன் போட்ட வீட்டுல குளிக்கப் போறவன் குலசாமியைக் கும்பிட்டுட்டுத்தான் ஷவரைத் திறக்கணும்.

தொழில் மந்திரம் ரெண்டு சொல்லித் தாரேன். ஒண்ணு, "நாளைக்கு வாறேன்." அந்த நாளை என்னைக்குன்னு பஞ்சாங்கத்துலயும் கெடையாது. ரெண்டு, பெட்டியைத் திறந்த உடனே தலையில கையை வச்சு, "இதை எந்த மடையன் செய்தான்?" கேக்கதுக்கு முன்ன ஒரு நிமிசம் யோசி. செய்தது நீயா இருந்துரப்பிடாது.

இனி வீட்டுக்காரன். ஹாலுக்குத் தொங்குவிளக்கு துபாய்ல இருந்து வரும். பால்காய்ச்சுக்கு வீடு முழுக்க சீரியல் பல்பு. எல்லாம் முடிஞ்சு உன் தோள்ல கையைப் போட்டு, "தம்பி, இந்தப் பச்சைக் கம்பி எதுக்கு? சிவப்பும் கருப்பும் போட்டா லைட்டு எரியும்லா?"ம்பான்.

எரியும். அதாக்கும் சங்கடம். எர்த்து இல்லாட்டாலும் லைட்டு எரியும், மிக்ஸி ஓடும், பிரிட்ஜு குளிரும். ஒரு நாள் பிரிட்ஜுக்குள்ள கம்பி தோலுரிஞ்சு தகரத்தைத் தொடும். பச்சைக் கம்பி இருந்தா கரண்டு அது வழியா மண்ணுக்குப் போகும். இல்லாட்டா வெறுங்காலோட மோர் எடுக்க வாறவ வழியாப் போகும். 230 வோல்ட்டுக்குச் சொந்தபந்தம் தெரியாது.

குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்து வை. நம்ம ஊரு மணலு காஞ்சா கரண்டை லேசுல இழுக்காது. கோடையில வாளித்தண்ணி விடச் சொல்லு. அதை மட்டும் நம்பாம, 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் பண்ணுக ஆர்.சி.சி.பி. ஒண்ணு போடு. காத்துல வாற உப்பு ஸ்விட்சைத் தின்னும், குழியில போட்ட உப்பு ஆளைக் காக்கும். உப்பு ஒண்ணுதான், கெடக்க எடம்தான் வேற.

பொண்ணு குடுக்க மாட்டானுவன்னு அம்மை சொல்லுகா, இல்லியா? 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்ச நாளை அவளுக்கு ஞாபகப்படுத்து. போஸ்டு பூரா சாஞ்சு, ஜில்லாவே இருட்டுல கெடந்துது. வெளி ஜில்லாவுல இருந்து வந்து கம்பம் நட்ட பயலுகளுக்கு, கேக்காமலே கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தவ யாரு? இவதான். பல்பு எரிஞ்ச ராத்திரி, "நல்லா இருப்பே மக்கா"ன்னு ஒருத்தனுக்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதவளும் இவதான். அன்னைக்கு அவன் எஞ்சினியரா வயர்மேனான்னு கேக்கல்ல.

அதனால கோணத்துக்குப் போ. நல்லாப் படி. முடிச்ச உடனே முதல் வேலை நம்ம வீட்டுலதான்.

என்ன முழிக்க? இந்த வீட்டுல பச்சைக் கம்பி கெடையாது. வீடு வச்ச அன்னைக்கு, "லைட்டு எரியும்லா?"ன்னு வயர்மேனுக்க தோள்ல கையைப் போட்டது உன் பாட்டாதான்.

கூலியா? நாளைக்கு வாங்கிக்கோ.