டி.பி.சி.க்கு நெல்லு ஏத்துற மாப்ளைக்கு

மாப்ளே, கதிர் சாஞ்சு, அறுப்பு மெஷினும் வந்து போயிருச்சு. சந்தோஷம். மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டிருந்த பய, சம்பா போட்டு மகசூலும் எடுத்துட்டான்னு ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. தாய்மாமன்ங்கிற முறையில எனக்கும் பெருமைதான். ஆனா நேத்து உங்க அத்தைகிட்ட ஒண்ணு சொன்ன பாரு, "இனிமே என்னத்த, டி.பி.சி.ல கொண்டுபோய்ப் போட்டா வேலை முடிஞ்சுது"ன்னு. அதைக் கேட்டதுலேருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. உன் கையிலயும் அடங்கல் இல்லையாமே, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல கணக்கு. இந்த 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,369ன்னு வச்சுது. நம்ம மாநில அரசு மேல 131 போட்டு 2,500 ஆக்குச்சு. சன்ன ரகத்துக்கு 2,545. டி.பி.சி.ன்னா அரசோட நேரடி நெல் கொள்முதல் நிலையம், அங்க 40 கிலோ சிப்பமாத்தான் பிடிப்பாங்க. ஆக, நீ போட்டிருக்கிற சி.ஆர். 1009க்கு ஒரு சிப்பம் சரியா ஆயிரம் ரூபா. இவ்வளவு சுலபமான கணக்கு என் ஆயுசுல வந்ததில்லை. ஏக்கருக்கு 60 சிப்பம் கண்டா அறுபதாயிரம்னு நீ மனசுக்குள்ள போட்டு வச்சிருப்ப. போட்டுக்க, தப்பில்ல. அந்த ஆயிரத்துல மொத்தமும் உனக்குன்னு மட்டும் போட்டுடாத.

நீ நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டின உடனே உன் நெல்லைப் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி ஒரு பார்வை பாப்பாங்க. நிறம் கம்மி, பதர் ஜாஸ்தி, கருக்கா தட்டுது, தூத்தணும். தலையை ஆட்டிக்கிட்டே நில்லு. படிச்ச திமிர்ல "விதிமுறையை எடுங்க, எத்தனை சதவீதம்னு பாப்போம்"னு கேட்ட, அன்னைக்கு வரிசையில உன் இடம் கடைசி. அடுத்த நாளும் கடைசி. உன்னை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, அதுதான் அதுல விசேஷம். "சாக்கு வரலைங்க தம்பி"ன்னு சொல்லுவாங்க. சாக்கு வந்தா லோடு எடுக்க லாரி வரலைம்பாங்க. லாரியும் வந்துட்டா, சுமைதூக்குற ஆளுங்க அந்த லாரிக்குப் போயிட்டாங்கம்பாங்க. மூணும் பெரும்பாலும் நெசமாவே இருக்கும், அதனால கோவமும் பட முடியாது.

அப்புறம் ஈரப்பதம். 17 சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்கக் கூடாதுன்னு விதி. கையடக்கமா ஒரு மெஷின் வச்சிருப்பாங்க, ஒரு பிடி நெல்லைப் போட்டா நம்பர் காட்டும். மெஷின் பொய் சொல்லாது மாப்ளே, நான் சத்தியம் பண்ணுறேன். குவியல்ல எந்த இடத்துலேருந்து அந்த ஒரு பிடியை எடுக்கிறதுங்கிறதுதான் மனுசன் வேலை. மேலாக அள்ளினா உன் நெல்லு காஞ்சது, கையை உள்ள விட்டு அள்ளினா நேத்து பேஞ்ச பனியும் கூட வரும்.

போன 2025 அக்டோபர்ல குறுவை என்ன ஆச்சுன்னு நீ நிலையத்துப் பக்கம் வந்து பார்க்கல. விளைச்சல் நல்லா இருந்துச்சு, அதுதான் பாவம். நிலைய வாசல்லயும் ரோட்டு ஓரத்துலயும் அம்பாரம் அம்பாரமா நெல்லு. வடகிழக்கு மழை முன்னாடியே பிடிச்சுக்கிச்சு. குவியல் முளை விட்டுப் பச்சையா நிக்குது, நாத்தங்கால் போட்டாப்ல. 17ஐ 22 ஆக்குங்கன்னு மாநில அரசு டெல்லிக்குக் கேட்டுச்சு. டெல்லிலேருந்து குழு வந்து, மாதிரி எடுத்து, பையில போட்டு, எழுதி ஒட்டிக் கொண்டுபோனாங்க. ஆய்வு பண்ணித்தான் முடிவு எடுப்போம்னாங்க. மழையில நனைஞ்ச நெல்லு ஈரமா இருக்குமான்னு ஆய்வு. ஒண்ணும் குத்தம் சொல்லல, ஒரு பொருளை நல்லாப் பாத்து வாங்கணும்னு நினைக்கிறது நியாயம்தானே. ஈர நெல்லை வாங்கிக் கிடங்குல போட்டா பழுப்பேறும், அரைச்சா நொறுங்கும், அதுவும் உண்மை. ஆனா ஐப்பசியில அறுக்கிற ஊருக்கு ஒரு அளவு, வெயில்ல அறுக்கிற ஊருக்கு ஒரு அளவுன்னு முன்கூட்டியே எழுதி வைக்க இத்தனை வருசத்துல எவனுக்கும் தோணலையே. வருசா வருசம் மழை பெய்யணும், நாம கெஞ்சணும், குழு வரணும். தீபாவளி மாதிரி இதையும் காலண்டர்ல அச்சடிச்சா என்ன?

அதனால மொத புத்தி: தார்ப்பாயை உன் காசுல வாங்கிக்க. நிலையத்துல தார்ப்பாய் இருக்கும், இல்லேங்கல. அது பில்லு போட்ட நெல்லுக்கு. பில்லு போடுற வரைக்கும் அது உன் நெல்லு, நனையலாம். பில்லு போட்ட நிமிசத்துலேருந்து அது கவர்மெண்டு நெல்லு, நனையக் கூடாது. நனையவும் செய்யும், அது வேற கதை.

இப்ப நீ கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கிற விசயம். சிப்பத்துக்கு இவ்வளவுன்னு கையில வாங்குறாங்கன்னு பேப்பர்ல வருது, விவசாயிங்க குறைதீர் கூட்டத்துல கலெக்டர் முன்னாடியே சத்தம் போடுறாங்க. 40 ரூபாங்கிறதுதான் அடிக்கடி அடிபடுற தொகை. உன் ஏக்கரு 60 சிப்பத்துக்குப் போட்டுப் பாரு, 2,400. லஞ்சம் கேட்டா புகார் பண்ண போன் நம்பர் எழுதின போர்டு எல்லா இடத்துலயும் உண்டு. நான் பாத்த ஒரு இடத்துல காலிச் சாக்குக் கட்டை அந்த போர்டு மேலதான் சாத்தி வச்சிருந்தாங்க. நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் தெரிஞ்சுது.

ஆனா நிலையத்துல பில்லு போடுற பட்டியல் எழுத்தரை மட்டும் திட்டிட்டு வந்துடாத. அவங்கள்ல பாதிப்பேர் பருவத்துக்கு எடுத்த ஆளுங்கதான், சீசன் முடிஞ்சா வீட்டுக்குப் போகணும். அவன் 40 கிலோன்னு பிடிச்ச சிப்பம் லாரி வராம வெயில்ல கிடக்குது. கிடந்தா காயும், காஞ்சா எடை குறையும். கிடங்குல கொண்டுபோய்த் தராசுல ஏத்தும்போது குறைஞ்சதை அவன் தலையில கட்டுவாங்க. அதுக்குப் பயந்து உன்கிட்ட முன்கூட்டியே ஒரு கிலோ கூடப் பிடிச்சு வச்சுக்குறான். ஆக, கவர்மெண்டு லாரி லேட்டா வர்றதுக்கு வாடகை உன் களத்துலேருந்து போவுது. டி.வி.ல லஞ்சம் லஞ்சம்னு கத்துறவன் லாரி ஏன் வரலைன்னு ஒரு நாளும் கேக்க மாட்டான்.

அப்போ வியாபாரிகிட்டயே போட்டுடலாமான்னு பாக்குற. அவன் களத்துக்கே வருவான், காபி கேட்டு வாங்கிக் குடிப்பான், ஈரத்தைப் பத்திப் பேச மாட்டான், குவிண்டாலுக்கு ரெண்டு மூணு நூறு குறைச்சுக் கையில ரொக்கமா வைப்பான். அப்புறம் அதே நெல்லு எவன் பேர் சிட்டாவுலயோ அதே நிலையத்துக்குப் போகும். என்ன அதிசயமோ, வியாபாரி லாரியில ஏறினதும் நெல்லு தன்னால காஞ்சிடும்.

இருந்தாலும் டி.பி.சி.க்கே போ. சிரிக்காத, இவ்வளவு நேரம் திட்டினதும் நான்தான், போன்னு சொல்லுறதும் நான்தான். அந்த நிலையம் அங்க திறந்து கிடக்கிறதாலதான் வியாபாரி ரெண்டு மூணு நூறோட நிக்குறான். பீகார்ல 2006லயே மண்டிச் சட்டத்தை எடுத்தாங்க, விவசாயி எங்க வேணா விக்கலாம், சுதந்திரம்னாங்க. அங்கேருந்து நெல்லு லாரி ஏறி பஞ்சாப் மண்டிக்குப் போகுதுன்னு இன்னைக்கும் செய்தி வருது. நம்ம ஊர்ல 1972ல நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நெல்லை வித்த கதையை உங்க தாத்தா இருந்தா சொல்லியிருப்பாரு. வெலையை வாங்குறவன் சொன்னான், எடையையும் வாங்குறவன் சொன்னான், நாளைக்கு வான்னும் அவனே சொன்னான். இப்ப வெலையாவது முன்னாடியே பேப்பர்ல வருது.

2002லேருந்து நம்ம மாநிலமே வாங்கி, அரைச்சு, ரேசன்ல போடுற ஏற்பாடு. நீ போடுற நெல்லு அரவை ஆலைக்குப் போய், அரிசியாகி, உங்க அத்தை கார்டுக்கு இலவசமா வந்து சேரும். அதைப் பாத்து அவ மூக்கைச் சுளிச்சுட்டுக் கோழிக்குப் போடுவா. அந்தக் கோழியை அடிச்சு உனக்கே கொழம்பு வைப்பா. நெல்லு வித்த காசு போக, அது உனக்கு இனாம்.

நெல்லோட நிறுத்திக்க, அது ரெண்டாவது புத்தி. ரேசன் பொங்கல் பரிசுத் தொகுப்புக்கு விக்கலாம்னு கரும்பு போடுறேன்னு பேசிக்கிட்டிருந்தியாம். பன்னீர் கரும்பு சித்திரை, வைகாசியில நட்டா மார்கழி வரைக்கும் கொல்லையில நிக்கணும். கவர்மெண்டு வாங்குமா வாங்காதாங்கிறது மார்கழியிலதான் தெரியும். 2022 டிசம்பர்ல அதான் நடந்துச்சு. பச்சரிசி, சர்க்கரை, ஆயிரம் ரூபான்னு அறிவிச்சாங்க, கரும்பைக் காணோம். ஆலைக்கும் போகாது அந்தக் கரும்பு, கடிச்சுத் துப்பத்தான் ஆகும். மேலூரு, திருவளர்ச்சோலை, கடலூரு எங்கேயும் கரும்போட ஜனங்க ரோட்டுக்கு வந்தப்புறம் ஒரு முழுக் கரும்பும் உண்டுன்னாங்க. ரெண்டு கோடியே 19 லட்சம் கார்டுக்கு. வெட்டுக்கூலி, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு கரும்புக்கு 33 ரூபா வரைக்கும். உயரம் 6 அடிக்குக் குறையக் கூடாது. ஆறடிக்கு அரை அடி குறைஞ்ச கரும்பைக் கையில வச்சுக்கிட்டு, இது வளருமா வளராதான்னு அதிகாரி முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னவனை நான் பாத்திருக்கேன். அதுக்கு முந்தின பொங்கலுக்கு 21 சாமான் குடுத்தாங்க, வெல்லம் பைக்குள்ளயே பாகாப் போயிருந்துச்சுன்னு ஊர் ஊருக்குப் புகார். நம்ம ஊர்ல வெல்லம் காய்ச்சுறவன் இல்லாமலா அந்த வெல்லம் வந்துச்சு?

தேங்காக்காரன் கதையைச் சொல்லவே வேணாம். கஜா புயல் 2018 நவம்பர்ல பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னையெல்லாம் சாச்சுப் போட்டுட்டுப் போச்சு. மிச்சம் நின்ன மரத்துக்காரனும் பொள்ளாச்சிக்காரனும் சேர்ந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: ரேசன்ல பாமாயிலுக்குப் பதிலாத் தேங்கா எண்ணெய் போடுங்க. பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவுலேருந்து கப்பல்ல வருது, ரேசன்ல லிட்டர் 25 ரூபா. அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த விருந்தாளியை வெளியே அனுப்ப மனசு வருமா? 2025ல தேங்கா வெலை எகிறுனதும் கேட்டவங்களே சத்தத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. வெலை இறங்கட்டும், மறுபடி கேப்பாங்க.

வரப்புல நிக்கிற பனையை மட்டும் வெட்டிடாத. 1978லேருந்து அது மாநில மரம், வெட்ட கலெக்டர் உத்தரவு வேணும். 2021 வேளாண் பட்ஜெட்ல பனைவெல்லம் ரேசன்ல வரும்னாங்க. உங்க அத்தை பையை எடுத்துக்கிட்டுப் போனா, சீனி வாங்கிக்கிட்டு வந்தா. கள்ளைப் பத்தி நான் வாயைத் திறக்கல. 1987 ஜனவரி ஒண்ணாம் தேதியோட அது தடை. மரத்துல தானா ஊறுனா குத்தம், ஆலையில காய்ச்சி டாஸ்மாக்ல வித்தா வருமானம், 2003லேருந்து கடையே அவங்களோடது. உள்ளூர்ச் சரக்கு வாங்கணும்னு நீ கூட்டம் போட்டா, இந்த ஒரு சரக்கை மட்டும் பட்டியல்ல எழுதாத. எழுதுனா நான்தான் முன் வரிசையில உக்காந்திருப்பேன், கூட்டத்துக்கு மரியாதை போயிடும்.

சரி, வி.ஏ.ஓ. தர்ற பயிர்ச் சான்று, அந்த அடங்கலுக்கு வா. அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாத்தையும் ரெண்டு செட்டு எடுத்துக்க. பணம் பாஸ்புக்குக்குத்தான் வரும், பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் வராது. உங்க அப்பன் உனக்கு ஆதார்ல ஒரு பேரும் பேங்குல ஒரு பேரும் வச்சிருக்கான், அதை மொதல்ல நேர் பண்ணு. கைரேகை கேப்பாங்க, நடவு நட்டு விரல் தேஞ்ச ஆளுக்கு அது விழாது, உனக்கு விழும். வி.ஏ.ஓ. திங்கக்கிழமை மனுநாள்னு கலெக்டர் ஆபீஸ் போயிடுவாரு, செவ்வாக்கிழமை காலையிலேயே போய் நில்லு. குவிண்டாலுக்கு நாப்பத்தஞ்சு ரூபா கூட வரும்னு என் சன்ன ரகத்தைப் பத்தி அங்க யார்கிட்டயும் பேசிடாத. அதை நான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சு.