கோபக்காரர் போட்ட கோடு

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் விக்டோரியா எம்பேங்க்மென்ட் என்றொரு சாலை. அடியில் ஊர்ச் சாக்கடை ஓடுகிறது, மேலே பெரிய மனிதர்கள் சிலைகளாக நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் தாடி வைத்த வெண்கலத்தார் ஒருவர், மார்பளவு. ஒரு பக்கம் மாலுமி, மறுபக்கம் தராசும் கையுமாக நீதி தேவதை. பெயர் சாமுவேல் பிளிம்சால். 1929-இல் மாலுமிகள் சங்கத்தார் காசு போட்டு வைத்த சிலை. எல்லா நாட்டுக் கடலோடிகளுக்கும் இவர் செய்த சேவைக்கு நன்றி என்று பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் நாடாளுமன்றம். அந்த மன்றத்தில் சக உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்று இவர் கத்தியது பற்றிப் பீடத்தில் ஒரு வார்த்தை இல்லை. சிலை வைத்ததே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

இத்தனைக்கும் மனிதர் மாலுமி கிடையாது. பிறந்தது 1824-இல், பிரிஸ்டல் துறைமுகத்தில். அதோடு சரி. வளர்ந்தபின் ஷெஃபீல்டில் பீர் ஆலை மேனேஜர். 1853-இல் நிலக்கரி வியாபாரம் செய்கிறேன் என்று லண்டன் போய், கப்பல் ஏறாமலே மூழ்கினார். கையில் காசில்லாமல் ஏழைகள் ஒண்டும் சத்திரங்களில் தங்கியபோதுதான், அன்றாடம் காய்ச்சிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு அதே நிலக்கரி கைகொடுத்தது; 1868-இல் டெர்பி தொகுதியின் லிபரல் எம்.பி. ஆனார். பிரிட்டனிலேயே கடலுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஊர் டெர்பிஷயரில்தான் இருக்கிறது. கடல் விவகாரத்தைக் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

அப்போது கப்பல் தொழில் எப்படி நடந்தது என்றால், கிழட்டுக் கப்பல் ஒன்றைச் சல்லிசாக வாங்க வேண்டியது. பெயிண்ட் அடித்து, முடிந்தால் பெயரையும் மாற்றி, விலையைவிடக் கூடுதலாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியது. பிறகு மேல்தளத்தில் அலை ஏறும் அளவுக்குச் சரக்கைத் திணித்து அனுப்ப வேண்டியது. போய்ச் சேர்ந்தால் கூலி லாபம், சேராவிட்டால் இன்ஷூரன்ஸ் லாபம். எல்லா முதலாளியும் இப்படியில்லை. ஆனால் இப்படிப்பட்டவரைத் தடுக்கிற அளவுக்குச் சட்டம் எதுவும் இல்லை. இதில் பிளிம்சாலுக்கு ரத்தம் கொதித்த சமாச்சாரம் பொய் போல்ட். பலகைகளை ஊடுருவிப் பிணைக்க வேண்டிய நீள போல்ட்டுக்குப் பதில், வெளியே தலை மட்டும் தெரியும். உள்ளே தண்டு இருக்காது. பார்க்கிறவனுக்குக் கப்பல் இறுக்கமாக இருக்கும், அலைக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

சரி, கப்பலைப் பார்த்துப் பயந்து மாலுமி ஏற மறுத்தால்? கையெழுத்துப் போட்டுவிட்டு மறுப்பது குற்றம், ஜெயில். சில வருஷத்துக்குள்ளேயே இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜெயில் மூழ்காது என்ற ஒரு வசதி இருந்ததை மறுப்பதற்கில்லை.

சரக்கேற்றும்போது இதற்கு மேல் அமிழக்கூடாது என்று கப்பலின் பக்கத்தில் ஒரு வரம்புக் கோடு வேண்டும் என்ற யோசனைகூட பிளிம்சாலுடையது அல்ல. டைன் நதிப் பக்கத்துக் கப்பல் முதலாளி ஜேம்ஸ் ஹால் என்பவர் அதற்கு முன்பே மரியாதையாக, ஆதாரத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதையாகச் சொன்னதால் யார் காதிலும் ஏறவில்லை. பிளிம்சால் யோசனையை வாங்கிக்கொண்டு மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1873-இல் ‘நமது மாலுமிகள்’ என்று ஒரு புத்தகம் போட்டார். காதில் விழுந்தது, கேள்விப்பட்டது எல்லாம் அதில் இருந்தன. அவதூறு வழக்குகள் வரிசையாக வந்தன. அரசு ஒரு ராயல் கமிஷன் வைத்தது. கமிஷன்கள் எதற்கு வைக்கப்படுகின்றன என்று நமக்குத் தெரியாதா? ஆற அமர விசாரித்து, இப்படிக் கோடு போடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டது.

பிறகு வந்தது 1875 ஜூலை 22. பிரதமர் டிஸ்ரேலி எழுந்து, நேரமில்லை, கப்பல் மசோதாவை இந்த முறை விட்டுவிடுகிறோம் என்றார். விவசாயக் குத்தகை மசோதாவுக்கு நேரம் இருந்தது. பிளிம்சால் பொங்கி எழுந்தார். முந்தின வருஷம் மூழ்கிய டெதிஸ், மெல்போர்ன், நோரா கிரீம் என்ற மூன்று கப்பல்களின் பெயரைச் சொன்னார். செத்தவர்கள் 87 பேர் என்றார். அவற்றின் சொந்தக்காரர் எட்வர்ட் பேட்ஸ் என்பவர், இந்தச் சபையில் பிளிமத் தொகுதிக்காக உட்கார்ந்திருக்கும் அதே பேட்ஸா, இல்லை அதே பெயரில் வேறு யாராவதா என்று அடுத்த செவ்வாய்க்கிழமை கேள்வி கேட்பேன் என்றார். அப்பாவி முகத்தோடு கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவரோ மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் அயோக்கியர்களின் முகத்திரையைக் கிழிப்பேன் என்று முழங்கினார். வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார் சபாநாயகர்; மாட்டேன் என்றார். சபாநாயகர் முகத்துக்கு நேராக முஷ்டியை ஆட்டினார் என்றும் சொல்வார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார், வார்த்தைகளுக்கு மட்டும். சொன்ன விவரம் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. அதற்குள் ஊரெல்லாம் கண்டனக் கூட்டம். மேடைப் பாடகர்கள் அவரைப் பாட்டிலேயே கொண்டு வந்துவிட்டார்கள். ஜூலையில் இல்லாத நேரம் ஆகஸ்டில் டிஸ்ரேலிக்குக் கிடைத்தது: அவசர அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம். 1876-இல் முழுச் சட்டம் வந்து, கோடு கட்டாயம் ஆயிற்று.

கோடு கட்டாயம்தான், ஆனால் எந்த இடத்தில் என்பது முதலாளியின் இஷ்டம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததோடு, பால் எவ்வளவு என்று அளக்கும் வேலையையும் பூனையிடமே கொடுத்தார்கள். கார்டிஃப் துறைமுகத்தில் ஒரு கேப்டன் கோட்டைப் புகைபோக்கியில் வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. சட்டப்படி அவர் மேல் தப்பே இல்லை. கோட்டின் இடத்தை அரசே தீர்மானிக்க 1890 ஆயிற்று.

இன்று எந்தச் சரக்குக் கப்பலின் நடுப்பக்கத்திலும் அதைப் பார்க்கலாம்: 30 சென்டிமீட்டர் வட்டம், குறுக்கே 45 சென்டிமீட்டர் கோடு. பக்கத்தில் ஏணி போல இன்னும் சில கோடுகள். ஆற்றுத் தண்ணீரில் கப்பல் கூடுதலாக அமிழும், உப்புத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். ஹூக்ளி ஆற்றுக்குள் கொல்கத்தாவில் சரக்கேற்றும் கப்பலுக்கும் தூத்துக்குடியில் ஏற்றும் கப்பலுக்கும் ஒரே கணக்கு சரிப்படாது. வட அட்லாண்டிக் குளிர்காலத்துக்கு எல்லாவற்றுக்கும் கீழே தனிக்கோடு. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ பிளிம்சால் என்றால் ரப்பர் விளிம்பு வைத்த கான்வாஸ் ஷூ. அந்த விளிம்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறினால் கால் நனையும்.

1880-இல் பேட்ஸுக்கு பாரோனெட் பட்டம் கிடைத்து சர் எட்வர்ட் ஆனார். அதே வருஷம் பிளிம்சால், மந்திரியாகியும் தொகுதி இல்லாமல் நின்ற ஹார்கோர்ட்டுக்காகத் தன் டெர்பி தொகுதியை விட்டுக்கொடுத்தார். பிறகு கப்பலில் அடைத்துக் கொண்டுவரும் மாடுகளுக்காகச் சண்டை போட்டார். வயதான காலத்தில் வேறொரு மனக்குறை. அமெரிக்கப் பள்ளிச் சரித்திரப் புத்தகங்களில் பிரிட்டனை இவ்வளவு மோசமாகத் திட்டுகிறார்களே, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த நாட்டுக்கே கப்பல் ஏறிப் போனார். பிரிட்டனை அதன் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நின்று திட்டியவர் அவர்தான் என்று அங்கே யாரும் எடுத்துக் காட்டினார்களா, தெரியாது.