பொக்லைனில் எழுதிய பெயர்

பிலிப்பைன்ஸின் மின்டனாவ் தீவில் மகிந்தனாவ் என்றொரு மாகாணம் இருந்தது. நாட்டின் பரம ஏழை மாகாணங்களில் ஒன்று. அங்கே 2001-இல் கவர்னர் ஆனவர் அந்தால் அம்பத்துவான் சீனியர். 2007-இல் அவரை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. அப்படிப்பட்ட தங்கமான மனிதரை எதிர்க்க யாருக்கு மனம் வரும்? மனம் வந்தாலும் உயிர் மிஞ்ச வேண்டுமே!

ஒரு மகன் ஸால்டி, அந்த மாகாணம் அடங்கிய சுயாட்சிப் பிரதேசத்துக்கே கவர்னர். இன்னொரு மகனைக் கூப்பிடும் பெயர் ‘உன்சாய்’. ‘டத்து உன்சாய்’ என்றே ஓர் ஊர் முளைத்தது. அதன் மேயரும் அவரே. அம்பத்துவான் என்ற பெயரிலும் ஓர் ஊர் உண்டு.

ஓட்டு எண்ணுவதில் குடும்பத்தின் கைராசியே தனி. 2004-இல் ஜனாதிபதி குளோரியா அரோயோவை எதிர்த்தவர் பிலிப்பைன்ஸ் சினிமாவின் முடிசூடா மன்னர் ஃபெர்னாண்டோ போ ஜூனியர். மகிந்தனாவின் சில ஊர்களில் அவருக்கு விழுந்தது பூஜ்யம். வேட்பாளர் பெயரை வாக்காளரே கையால் எழுதிய காலம் அது. ஒரு கிறுக்கு ரசிகனுக்குக்கூடப் பேனா தவறவில்லை! 2007 செனட் தேர்தலில் இந்த மாகாணத்தில் 12 இடத்துக்கு 12-ம் ஆளும் அணிக்கே. முடிவுத் தாள்கள் எங்கே என்று கேட்டால், திருட்டுப் போய்விட்டன என்றார் மாகாணத் தேர்தல் அதிகாரி. மோசடி என்று வாய் திறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்படி ஓட்டை அள்ளித் தந்தவருக்கு மணிலா கைம்மாறு செய்யாமலா இருக்கும்? 2006-இல் அரோயோ பிறப்பித்த 546-ஆம் ஆணை, போலீஸுக்குத் துணையாக ஆயுதமேந்திய தொண்டர்களை வைத்துக்கொள்ள வழிவிட்டது. தீவிரவாதத்தை ஒடுக்கத்தானாம்.

தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் கவர்னராக முடியாது என்கிறது சட்டம். அதனாலென்ன, நாற்காலி உன்சாய்க்கு என்று முடிவாயிற்று. புலுவான் ஊரின் துணை மேயர் எஸ்மாயில் மங்குடடாட்டு குறுக்கே வந்தார். வேட்புமனுவை மனைவி, சகோதரிகள் கையில் கொடுத்தனுப்பினார்; பெண்களைத் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கூடவே பத்திரிகைக்காரர்கள் போனால் இன்னும் பத்திரம் என்று நினைத்தார்.

2009 நவம்பர் 23. அவர்கள் போன வண்டிகளை நெடுஞ்சாலையில் மறித்து, அம்பத்துவான் ஊர் எல்லைக்குள் ஒரு மேட்டுக்கு ஓட்டிப் போய் 58 பேரைச் சுட்டுத் தள்ளினார்கள். 32 பேர் பத்திரிகைக்காரர்கள். ஆறு பேர் பாவம், எதிலும் சேராமல் தங்கள் வழியே போனவர்கள். குழி முன்கூட்டியே தோண்டியிருந்தது. பிணங்களையும் வண்டிகளையும் நசுக்கிப் புதைத்த பொக்லைனின் மேல், ‘மாகாண அரசின் சொத்து’ என்ற வாசகம், கவர்னரின் பெயரோடு. சாலை போட்டால் பெயர் பொறிப்பார்கள், பாலம் கட்டினால் பொறிப்பார்கள். சவக்குழிக்கும் உபயதாரர் பெயர் பொறித்த நிர்வாகம் இது.

வழக்கு பத்து வருஷம் இழுத்தது. பெரியவர் 2015-இல் காவலில் இருக்கும்போதே நோயில் போய்ச் சேர்ந்தார். 2019 டிசம்பர் 19-இல் உன்சாய், ஸால்டி உட்பட 28 பேருக்கு ஆயுள் தண்டனை, 57 கொலைகளுக்காக. 58-ஆவது மனிதர் ஒரு புகைப்படக்காரர். அவருடைய பல்செட் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. எனவே அந்தச் சாவு நிரூபணமாகவில்லை. ஊர் ஊராகப் பூஜ்யத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய தேசத்துக்கு ஒரு சாவை நம்பப் பத்து வருஷம் போதவில்லை.

1987 அரசமைப்பு குடும்ப அரசியலைத் தடை செய்கிறதே என்பீர்கள். செய்கிறது, ‘சட்டம் வரையறுக்கிறபடி’. வரையறுக்க வேண்டிய நாடாளுமன்றமோ அப்பன், பிள்ளை, மருமகள்களால் நிரம்பியது. பால்பானைக்கு மூடி போடலாமா என்று பூனையிடம் அபிப்பிராயம் கேட்ட கதை. பூனை முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறது.

மனைவியைப் பறிகொடுத்த மங்குடடாட்டு 2010-இல் கவர்னர் ஆனார். மக்கள் விடுதலை பெற்றார்கள். எவ்வளவு விடுதலை என்றால், 2022 கவர்னர் தேர்தலில் மோதிய முக்கிய வேட்பாளர்கள் இருவர் பெயரிலும் மங்குடடாட்டு என்றே இருந்தது.