மெழுகில் நிற்கும் சுரங்கள்

பாட்டியின் தஞ்சாவூர் வீணையை மெரினா மணலில், உச்சி வெயிலில் வைத்து வித்தியாசமாகப் படம் எடுக்கப் போகிறேன். வாழ்த்துவீர்களா?

வாழ்த்துகிறேன், வீணையை! அதன் 24 பித்தளை மெட்டுகளும் நிற்பது ஆணியில் அல்ல, மெழுகில். நீங்கள் கோணம் பார்த்து முடிப்பதற்குள் மெழுகு இளகி, காந்தாரம் மத்யமத்தின் வீட்டுக்குக் குடிபோய்விடும். விடியற்காலையில் போங்கள், வெளிச்சமும் அழகு, சுண்டல்காரரும் குறுக்கே வரமாட்டார். மணலில் ஒரு ஜமக்காளம் விரித்து அதன்மேல் வையுங்கள். பலா மரத்துக்கு உப்பு ஈரம் ஆகாது. படம் முடிந்ததும் துடைத்து உடனே உறைக்குள் போடுங்கள். அது சரி, பாட்டியைக் கேட்டீர்களா?

இதைவிட விசித்திரமான இடத்தில் யாராவது வாத்தியத்தைப் படம் பிடித்திருக்கிறார்களா?

கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட். 2013-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் கிடாரோடு மிதந்தபடி டேவிட் போவியின் பாட்டைப் பாடி வீடியோவாக்கினார். அங்கே கிடார் கைநழுவினாலும் கீழே விழாது. வீணை வித்வான்களுக்குத்தான் கஷ்டம்: சம்மணமிட்டு உட்காரத் தரை கிடைக்காது.